கணினி போன்ற கைபேசி வீட்டுக்கு ஆகுமா?

கும்பகோணத்தில் தையற்கடை வைத்திருக்கும் என் சித்தியின் கைபேசி ஐந்து ஆண்டுகள் உழைத்தது. சென்ற மாதம் அதன் பேட்டரி உப்பிவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வருவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அடுத்து எதை வாங்குவது என்று என்னிடம் கேட்டார். நான் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளை (நிரலாளர்கள் எழுதிய மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடும் மென்பொருளை)ப் பயன்படுத்துவதோடு, கேட்பவர் கேளாதவர் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைத்து வருபவன். என் பையில் எப்போதும் இரண்டு கைபேசிகள் இருக்கும். ஒன்று, கணினிகளில் ஓடும் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸிலேயே முழுக்க இயங்குவது, மற்றொன்று நிறுவனம் தந்த மென்பொருளை நீக்கிவிட்டு, ஆண்ட்ராய்டின் மூலநிரலிலிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கும் லினேஜ் ஓஎஸ் இயங்குதளத்தை ஏற்றிய ஆண்ட்ராய்டு கைபேசி. ஆயினும், "நான் வைத்திருப்பதையே நீங்களும் வாங்குங்கள்" என்று சித்தியிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏன் எழவில்லை என்று எண்ணிப் பார்த்ததில் பிறந்ததே இந்த ஒப்பீடு.

அவர் முன் நான்கு வழிகள் இருந்தன. முழுக்கத் திறந்த லினக்ஸ் கைபேசியை வாங்கலாம், ஐபோன் வாங்கலாம், கடையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியை வாங்கி அப்படியே பயன்படுத்தலாம், அல்லது ஆண்ட்ராய்டு கைபேசியில் என்னைப் போல வேறொரு திறமூல இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

இவற்றை ஒப்பிடும் முன், 'கணினி போன்ற கைபேசி' என்று சொல்லும்போது நாம் எதை விரும்புகிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தச் சொல்லுக்குள் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. கைபேசியை மானிட்டரோடு இணைத்துக் கணினியாகவே பயன்படுத்த வேண்டும் என்பது முதல் ஆசை. மோட்டோரோலா 2011இல் ஏட்ரிக்ஸ் கைபேசியைச் செருகி மடிக்கணினியாக்கிக்கொள்ளும் லேப்டாக் என்ற துணைக்கருவியை விற்றது. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் 2013இல் உபுண்டு எட்ஜ் கைபேசிக்காக மக்களிடமிருந்து 3.2 கோடி டாலர் திரட்ட முயன்றது, ஏறத்தாழ 1.28 கோடி டாலருக்கு மட்டுமே ஆதரவு கிடைத்ததால் திட்டத்தைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015இல் லூமியா கைபேசிகளில் இதற்கான கன்டினியம் வசதியையும், சாம்சங் 2017இல் டெக்ஸ் வசதியையும் கொண்டுவந்தன. டெக்ஸ் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது; ஆனால் அதற்காகவே ஒரு கைபேசியைத் தேர்ந்தெடுத்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மானிட்டர் வைக்க மேசையுள்ள வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது. கணினி இல்லாத வீட்டில் மானிட்டரும் இருப்பதில்லை. ஆகவே இந்த ஆசையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது ஆசை உரிமை பற்றியது: விரும்பியதை நிறுவ, வேண்டாததை நீக்க, பழுதானதைத் திருத்த, வாங்கியவருக்குக் கணினியில் இருக்கும் உரிமை கைபேசியிலும் இருக்க வேண்டும். இதைச் சாதாரண மக்கள் மதிப்பார்களா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். 1990களின் இறுதியிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் நம் நடுத்தர வீடுகள் பலவற்றுக்கு முதலில் வந்து சேர்ந்தவை அத்தகைய தெருக்களில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' கணினிகளே. ஐபிஎம் 1981இல் வெளியிட்ட கணினியின் கட்டமைப்பைப் பிற நிறுவனங்களும் பின்பற்றிச் செய்ய முடிந்ததால்தான் அந்தத் தெரு உருவாயிற்று. வாங்கியவர்களில் எவரும் 'திறந்த கட்டமைப்பு' வேண்டும் என்று கேட்டு வாங்கவில்லை. பெரிய நிறுவனத்தின் கணினியைவிட விலை குறைவாக இருந்தது. ரேம் போதாவிட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எரிந்துபோனால் தெருமுனைக் கடைக்காரரே வேறொன்றைப் பூட்டித் தருவார். மக்கள் மதித்தவை இவையே. திறந்தநிலை என்ற கொள்கைக்குச் சந்தையில் விலை இல்லை, அதன் பலன்களுக்கு உண்டு என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. நான்கு வழிகளையும் இந்த அளவுகோலாலேயே அளக்கிறேன்.

கைபேசியில் ரிச்சி தெருவின் கதை நிகழாமல் போனதற்கு வலுவான தொழில்நுட்பக் காரணம் உண்டு. மேசைக் கணினி தொடங்கும்போது, பொருத்தப்பட்டுள்ள ஒவ்வோர் அட்டையையும் நீ யார் என்று இயங்குதளம் கேட்டறிய முடியும். பிசிஐ என்ற பொது முறையில் இணையும் அட்டைகள் தம்மைத் தயாரித்தவரின் எண்ணையும் தம் வகை எண்ணையும் தாமே தெரிவிக்கும். அதனால்தான் ஒரே லினக்ஸ் பென்டிரைவ் எத்தனையோ நிறுவனங்களின் கணினிகளில் தொடங்குகிறது. கைபேசியிலோ திரை, கேமரா, தொடுதிரைச் சிப் போன்றவற்றில் பெரும்பாலானவை அப்படித் தம்மை அறிவித்துக்கொள்வதில்லை. எது எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை மாடல்தோறும் தனியே எழுதி இயங்குதளத்துக்குத் தர வேண்டும். அவற்றை இயக்கும் மென்பொருள்களில் பல மூலநிரல் இல்லாமலே வருகின்றன. செல்கோபுரத்தோடு பேசும் மோடமோ தனக்கென ஒரு மூடிய மென்பொருளைத் தனியே ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே திறந்த கைபேசி செய்யப் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்தே கட்டத் தொடங்க வேண்டியிருந்தது.

அப்படித் தொடங்கியவர்களில் முன்னோடி ஓபன்மோகோ. தைவானின் ஃபர்ஸ்ட் இன்டர்நேஷனல் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பிறந்த இந்தத் திட்டம், முதல் ஐபோன் கடைக்கு வந்ததற்கு அடுத்த மாதமான 2007 ஜூலையில், நியோ 1973 என்ற கைபேசியை நிரலாளர்களுக்கு விற்கத் தொடங்கியது. மார்ட்டின் கூப்பர் முதல் கைபேசி அழைப்பைச் செய்த ஆண்டே பெயரில் உள்ள 1973. அடுத்த ஆண்டு 399 டாலருக்கு வந்த ஃப்ரீரன்னரில் கேமராவும் இல்லை, 3ஜியும் இல்லை. கைபேசிக் கூட்டின் வடிவமைப்புக் கோப்புகளைக்கூட எல்லோருக்கும் திறந்துவிட்ட அவர்களுடைய நேர்மையை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் மென்பொருளின் அடித்தளத்தையே அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றினார்கள். அழைப்பின்போது மறுமுனைக்குக் கேட்ட இரைச்சலைப் போக்க, வாங்கியவர்கள் சாலிடரிங் கருவியை எடுக்க வேண்டியிருந்தது. 2009 ஏப்ரலில் அடுத்த மாடலுக்கான திட்டம் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த, லினக்ஸில் இயங்கிய நோக்கியா என்900 வேறு தரத்தில் இருந்தது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் மூன்று வரிசை விசைகள் வெளிப்படும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, மேசைக் கணினியில் தட்டும் அதே கட்டளைகளைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி தட்டலாம். 256 எம்பி ரேமில் அத்தனை சாளரங்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்த அந்தக் கருவியைப் போல என் மனத்துக்கு நெருங்கிய வேறொரு கைபேசி இல்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்டோடு கைகோத்து விண்டோஸ் பக்கம் போனதும் அந்த வழி அடைபட்டது. பின்னர் வந்த லிப்ரம் 5 என்ற லினக்ஸ் கைபேசி, மோடத்தையும் கேமராவையும் வன்பொருள் அளவிலேயே துண்டிக்கும் விசைகளோடு வந்தது. 149 டாலர் விலையில் தொடங்கிய பைன்போன் என்ற மற்றொரு லினக்ஸ் கைபேசி ஆர்வலர்கள் பலர் கைக்கு எட்டியது. இரண்டுமே திறமைசாலிகள் மெனக்கெட்டுச் செய்தவை. இரண்டுமே எங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்டவை.

எங்களைப் போன்றவர்கள் எதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் லினக்ஸ் கைபேசி மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். அழைப்பு வந்தால் மோடம் அதை எழுப்ப வேண்டும். அது எழுந்து, திரை ஒளிர்ந்து, மணி ஒலிப்பதற்குள் அழைத்தவருக்கு நான்கைந்து மணியோசை கேட்டுவிடும். சில சமயம் அவர் வைத்தபின்தான் எனக்கு ஒலிக்கத் தொடங்கும். உறங்கவிடாமல் வைத்தால் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். எனக்கு இது தீர்க்க வேண்டிய சுவையான சிக்கல். முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை "ரவிக்கை ஆச்சா?" என்று கேட்டு அழைக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய சித்திக்கு இது தொழில் நட்டம்.

அந்தக் கைபேசியை அவரிடம் ஒருமுறை காட்டினேன். டெர்மினலைப் பார்த்து, "இந்தக் கறுப்புப் பலகை எதுக்குப்பா?" என்று கேட்டார். "இதுல நாம நினைச்சதெல்லாம் செய்யலாம் சித்தி" என்றேன். "ஜிபே பண்ணலாமா?" என்றார். பண்ண முடியாது. பணம் அனுப்பும் செயலி முதலில் நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி எண்ணையும் கருவியையும் பிணைக்கிறது; அத்தகைய செயலிகள் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்தான் எழுதப்படுகின்றன. லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்டு போன்ற ஏற்பாடுகள் உண்டு என்றாலும், அவற்றுக்குள் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. *99# என்று அழுத்தி எந்தக் கைபேசியிலும் பணம் அனுப்ப முடியும் என்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது எண் எண்ணாகத் தட்டி அதைச் செய்வதற்கு எவருக்கும் பொறுமை இராது. வாட்ஸ்அப்பும் இத்தகைய கைபேசிகளுக்கெனச் செயலி எதையும் வெளியிட்டதில்லை. அவருடைய கேள்வியிலேயே முதல் வழி முடிந்துவிட்டது.

விலையைக் குறைத்துவிட்டால் மக்கள் திறந்த கைபேசிக்கு வந்துவிடுவார்கள் என்று நம்புபவர்களுக்கு மொசில்லா உருவாக்கிய ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்ற திறமூலக் கைபேசி இயங்குதளத்தின் அனுபவத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 2014இல் இன்டெக்ஸ் நிறுவனம் 1,999 ரூபாய்க்கு ஃபயர்பாக்ஸ் கைபேசியை இந்தியாவில் விற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே மொசில்லா அந்தத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த மூலநிரலிலிருந்து கிளைத்த கைஓஎஸ், 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனுக்குள் புகுந்து கோடிக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2018இல் அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. ஆனால் ஜியோபோனை வாங்கியவரால் அதில் தாம் விரும்பிய இயங்குதளத்தை ஏற்ற முடியாது. மூலநிரல் திறந்திருப்பது வேறு, கைபேசி வாங்கியவருக்குத் திறந்திருப்பது வேறு. ஆண்ட்ராய்டைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இனி ஐபோன். மூடிய கருவி என்பதற்காக அதைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 2013இல் வெளியான ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்பு அப்டேட் வந்தது. அதே காலத்தில் விற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. நீண்ட ஆயுள் என்பது திறந்தநிலையின் பலன் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, மூடிய நிறுவனம் ஒன்று அதைச் செய்து காட்டிவிட்டது. சித்தியின் தேவைகள் அனைத்தையும் ஐபோன் நிறைவேற்றும். கைமாறியதை வாங்கினால் விலையும் ஓரளவு கட்டுக்குள் வரும், ஆனால் திரை உடைந்தால் ஆகும் செலவு அவருடைய கணக்கில் அடங்காது. இதைவிடப் பெரிய தயக்கம் எனக்கு வேறொன்று: அந்தக் கருவியில் நமக்கு ஒன்று தேவை என்றால், அது நிறுவனத்துக்கும் தேவை என்று தோன்றும்வரை காத்திருக்க வேண்டும்.

தமிழர்களாகிய நாம் அப்படிக் காத்திருந்தவர்கள். பிறர் எழுதிய விசைப்பலகைகளை நிறுவிக்கொள்ள ஆண்ட்ராய்டு 2009இலேயே, 1.5 பதிப்பில் வழி திறந்தது. ஐபோனில் ஆப்பிளே தமிழ் விசைப்பலகையைத் தந்தது 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான். வெளியார் எழுதிய விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த அதற்கும் ஓராண்டு கழித்து ஐஓஎஸ் 8 வர வேண்டியிருந்தது. அதே வேளையில், தமிழைச் சிதையாமல் காட்டுவதில் ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகள் மிக மோசமாக இருந்தன; எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு ஓபரா மினி உலாவி நினைவிருக்கும். முகவரிப் பட்டையில் கன்ஃபிக் என்ற அமைப்புகள் பக்கத்தின் பெயரைத் தட்டி, அங்கே நீண்ட பட்டியலின் கீழ்ப்பகுதியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் அமைப்பை 'யெஸ்' என்று மாற்றிச் சேமித்துவிட்டுத் திரும்பினால், கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் தெரியும். இதை நான் எத்தனை பேருக்குச் செய்து கொடுத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. துணிந்தவர்கள் கைபேசியை ரூட் செய்து, அதாவது அதன் பூட்டிய உட்பகுதியையும் மாற்றும் முழு உரிமையைப் பெற்று, தமிழ் எழுத்துருவையே உள்ளே வைத்தார்கள். கைபேசியில் முதன்முறையாகத் தமிழில் செய்தி அனுப்பிய என் பெரியப்பாவுக்குத் திறந்தநிலை என்ற சொல்லே தெரியாது. செல்லினம் போன்ற விசைப்பலகையை ஒருவர் எழுதவும், அதை இன்னொருவர் தம் கைபேசியில் ஏற்றிக்கொள்ளவும் அனுமதித்த ஏற்பாட்டின் பயனைத்தான் அவர் அன்று அனுபவித்தார். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியே, சாதாரண மக்கள் திறந்தநிலையை மதிப்பார்களா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த உறுதியான விடை.

நான்காவது வழியில், அதாவது இயங்குதளத்தையே மாற்றிக்கொள்வதில், பலன் இன்னும் பெரிது. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2015இல் விற்கத் தொடங்கிய ஃபேர்போன் 2க்கு, அதன் சிப்பைச் செய்த குவால்காம் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கான ஆதரவை நிறுத்திய பின்னும், 2023 வரை மென்பொருள் ஆதரவு தொடர்ந்தது. லினேஜ் ஓஎஸ்ஸுக்காகத் தன்னார்வலர்கள் செய்து வைத்திருந்த வேலை அதற்குப் பெருந்துணையாக இருந்தது. அந்தக் கைபேசியை வைத்திருந்த சாதாரண மனிதர் எந்தக் கட்டளையையும் தட்டாமல், வழக்கமான அப்டேட்டாகவே அதைப் பெற்றார். ஆனால் நம் ஊரில் இந்த வழியில் போகும் ஒருவர் பூட்லோடரை, அதாவது கைபேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலின் பூட்டை, தாமே திறக்க வேண்டும். திறந்ததும் கைபேசியில் உள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும். பிறகு, மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி வழியாகச் சோதிக்கும் செயலிகள் சில வேலை செய்ய மறுக்கும். என் வங்கியின் செயலி ஒரு நாள் காலை, இந்தக் கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லி மூடிக்கொண்டது. என் கைபேசியில் இருந்தது அந்த மாதத்தின் பாதுகாப்புத் திருத்தம். சித்தியின் கைபேசியில் இருந்தது இரண்டு ஆண்டுப் பழையது. அவருடையதில் அதே செயலி தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பின் பெயரால் நடக்கும் இந்த அநீதி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கூகுளின் பிக்சல் கைபேசியில் கிராஃபீன் ஓஎஸ் என்ற திறமூல இயங்குதளத்தை ஏற்றுபவரால், அந்த இயங்குதளத்தின் சாவியைப் பதிந்து பூட்லோடரை மீண்டும் பூட்டிக்கொள்ள முடிகிறது. பூட்டு வலுவாகவும் சாவி உரிமையாளர் கையிலும் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

திறந்த கதவு ஆபத்தானது என்ற வாதத்தையும் நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவி வங்கிக் கணக்கிலிருந்த பணத்தை இழந்தவர்களைப் பற்றிக் காவல்துறை எச்சரித்திருக்கிறது. கூகுள் 2025 ஆகஸ்டில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட நிரலாளர்களின் செயலிகளை மட்டுமே சான்றளித்த ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிறுவ விடப்போவதாகவும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் அதைத் தொடங்குவதாகவும் அறிவித்ததற்கு இத்தகைய மோசடிகளே காரணமாகச் சொல்லப்பட்டன. எதிர்ப்பு எழுந்த பின், அனுபவமுள்ளவர்கள் எச்சரிக்கையை ஏற்று நிறுவிக்கொள்ளத் தனி வழி வைப்பதாக நவம்பரில் சொன்னார்கள். அந்தத் தனி வழி உண்மையில் எவ்வளவு அகலமாக இருக்கும் என்பதைப் பொறுத்தே கடை ஆண்ட்ராய்டை அப்படியே பயன்படுத்தும் மூன்றாவது வழியைப் பற்றிய என் நல்லெண்ணம் நிலைக்கும். வாசலுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது வீட்டின் உட்புறம் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எடைபோட்ட பின் சித்திக்கு நான் சொன்னது மூன்றாவது வழியையே, ஆனால் கடையில் வழக்கமாகக் கேட்கப்படாத சில கேள்விகளோடு. பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பூட்லோடரைத் திறக்க நிறுவனமே அனுமதிக்க வேண்டும். அவருக்கு இன்று அது தேவையில்லை, அந்தக் கைபேசியின் ஆறாவது ஆண்டில் தேவைப்படும். மெமரி கார்டு போட இடமும், கும்பகோணத்திலேயே கிடைக்கும் பேட்டரியும் வேண்டும். பேட்டரியைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் நம் சந்தைக்கும் வரும் என்று எதிர்பார்க்கிறேன், ஆனால் அவரால் அதுவரை காத்திருக்க முடியாது. இரண்டு கடைகளில் விற்பனையாளருக்குப் பூட்லோடர் என்றால் என்னவென்று தெரியவில்லை. மாடல் எண்ணை வைத்து நானே தேடிப் பார்த்து முடிவு செய்தேன். வாங்கி வந்ததும் வாட்ஸ்அப்பிலிருந்தும் உலாவியிலிருந்தும் செயலி நிறுவும் அனுமதியை அணைத்துவிட்டு, அவருக்குப் பழகிய தமிழ் விசைப்பலகையை ஏற்றிக் கொடுத்தேன்.

பழைய கைபேசிக்கு உள்ளூர்க் கடையில் வேறு பேட்டரி போட்டாயிற்று. அதன் பூட்லோடரைத் திறக்க முடிந்தது. லினேஜ் ஓஎஸ்ஸும் அந்த மாடலுக்கு இருந்தது. பணப் பரிமாற்றம் எதுவும் இல்லாத கருவி என்பதால் வங்கிச் செயலியின் மறுப்பு அங்கே பொருட்டில்லை. இப்போது அது கடை மேசையில், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தாங்கியில் நிற்கிறது. அளவு கொடுக்க வரும் பெண்கள் அதில் ரவிக்கைக் கழுத்து மாதிரிகளை விரலால் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.